காயத்ரி அறுத்த வேலி

காயத்ரிக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சர்க்கரை இருக்கிறது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்பது மாதிரி, அவளுக்கு ஏதோ வியாதி இருப்பதுபோலச் சொல்வார்கள். அந்தக் கோபத்தை யார் வரவைத்தார்கள் என்பதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள். நான் ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். அவள் இங்கே குடிவந்த நாளிலிருந்து என்னிடம்தான் தவிடும் புண்ணாக்கும் வாங்குகிறாள். அவள் சொல்லிக் கேட்டது பாதி, என் கண்ணால் பார்த்தது பாதி. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சென்னை அம்பத்தூரில் குடியிருந்தவள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வாசல் மேசையில் வேலை. வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்பவேண்டும். கணவன் ஸ்ரீதர் லிஃப்ட் மெக்கானிக். கொரோனா இரண்டாம் அலை அடித்த சமயத்தில், கட்டில் எதுவும் காலி இல்லை என்று எல்லோரிடமும் சொல்லும்படி மேலிடத்தில் உத்தரவு. உண்மையில் மூன்றாம் மாடியில் சில கட்டில்களை வேண்டப்பட்டவர்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் ஆட்டோவில் அம்மாவைப் படுக்கப்போட்டுக்கொண்டு ஓர் ஆள் வந்தான். அந்த அம்மாள் மூச்சுக்கு அலைவதைக் காயத்ரி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூன்றாம் மாடிக்குப் போ, கட்டில் இருக்கிறது, கொடுக்கிறவரை கீழே இறங்காதே என்று அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் போய்ச் சத்தம் போட்டான். கட்டில் கிடைத்தது. அன்று சாயங்காலமே காயத்ரியின் வேலை போனது. இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நீ எங்கேயும் நிலைக்கமாட்டாய் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினாராம்.

"நான் அன்னிக்குச் சத்தமாகூடப் பேசல" என்று இதை அவள் என்னிடம் சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

அதற்குப்பிறகு அவள் வேறு ஆஸ்பத்திரி தேடவில்லை. பொய் சொல்வதற்குச் சம்பளம் தருகிற எந்த மேசையிலும் இனி உட்காரமாட்டேன் என்று ஸ்ரீதரிடம் சொல்லிவிட்டாள். கொஞ்சம் நிலம் வாங்கி ஆடு, மாடு, காய்கறி என்று ஏதாவது செய்துகொண்டு யாரிடமும் கைகட்டி நிற்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுடைய யோசனை. மற்றபடி கிராமத்தின்மேல் அவளுக்கு எந்த ஆசையும் கிடையாது. சின்ன வயதில் அப்பா இறந்தபிறகு, அம்மா ராஜாமணி இவளை இழுத்துக்கொண்டு தன் தம்பி மணவாளன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா சோறு போட்டார், படிக்க வைத்தார். அதை அவரும் மறக்கவில்லை, இவளையும் மறக்கவிடவில்லை. தட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டால்கூட வீட்டில் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்களாம். அப்படிப்பட்ட ஊருக்கு அவள் ஆசைப்பட்டு வருவாளா? நிலம் மாமாவிடம்தான் இருந்தது, அவர்தான் விற்கத் தயாராக இருந்தார். அதனால் வந்தாள்.

அது ஒரு பழைய முந்திரிக்காடு. புயலில் மரமெல்லாம் சாய்ந்து, வெறும் அடிக்கட்டையும் சரளைக் கல்லுமாகக் கிடந்தது. மாமா அதைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம். பட்டணத்திலிருந்து அக்கா மகளே வந்து மாட்டினாள். நிலத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் மாமாவுடைய கரும்புக்கொல்லை. அதன் ஓரமாக ஒரு வண்டிப்பாதை, அதுவும் அவருடையது. பத்திரம் எழுதுகிற அன்று காயத்ரி கேட்டாள், பாதையையும் சேர்த்து எழுதிவிடலாமே என்று.

மாமா சிரித்தார். "பாத என்னா உனக்கு வேற, எனக்கு வேறயா? உன்ன யாரு வரவேணாம்னு சொல்லப்போறா?"

அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அம்மா அவளுடைய கையைக் கிள்ளினாள். தாய்மாமனை நம்பாமல் எழுதிக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாயா என்று பத்திர ஆபீஸ் வாசலிலேயே கண்ணைக் கசக்கினாள். காயத்ரி விட்டுக்கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் முதலாளி வாயை மூடச் சொன்னபோது மூடாதவள், அம்மா சொன்னபோது மூடினாள்.

அப்புறம் அவள் அந்தச் சரளைக்காட்டில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கட்டைகளை வேரோடு பிடுங்கினார்கள். ஏரி வண்டலும் சாணியும் கொண்டுவந்து கொட்டினார்கள். எல்லோரும் தண்ணீர் இல்லை என்று சொன்ன இடத்தில் போர் போட்டபோது, ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஸ்ரீதர் சிதம்பரத்தில் மோட்டார், இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று போட்டுக்கொண்டு காலையில் போய் இரவு திரும்புவான். பகல் முழுக்க நிலத்தில் அவள் மட்டும்தான். பீர்க்கை, பாகல், பந்தல் அவரை, ஓரத்தில் கொய்யா, ஒரு கொட்டகையில் ஆடுகள், இரண்டு கறவை மாடுகள். நிலத்துக்குள்ளேயே ஓட்டுக்கூரை போட்டு ஒரு வீடு. முதல் வருஷம் பாதிச்செடி கருகியது. இரண்டாம் வருஷம் கோழிக்குச் சீக்கு வந்து மொத்தமும் போனது. அப்போதெல்லாம் மாமா பாதையோரம் நின்று, படித்தவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று தலையாட்டிவிட்டுப் போவார். மூன்றாம் வருஷம் பந்தல் பிடித்துக்கொண்டது. அவளுடைய பீர்க்கங்காய்க்குச் சிதம்பரம் கடைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். மாமா தலையாட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் மகன் செந்தமிழ்செல்வன் சிங்கப்பூரிலிருந்து திரும்பிவந்தான். கோழிப்பண்ணை வைக்கப்போகிறானாம். கோழிப்பண்ணைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் எங்கே இருக்கிறது? காயத்ரியின் போரில் இருக்கிறது. மாமா வந்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு, வாங்கினதற்குமேல் போட்டுத் தருகிறேன் என்றார். அவள் முடியாது என்றாள். அம்மா வந்து அழுதாள், முடியாது என்றாள். செந்தமிழ்செல்வனே வந்து, உனக்குச் சோறு போட்ட வீடு என்று ஆரம்பித்தான். அவனை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அடுத்த வாரமே பாதை நெடுக இரும்புக்கம்பம் நட்டுக் கம்பிவலை வேலி போட்டார்கள். ரோட்டோரம் ஒரு இரும்புக்கேட், அதில் பூட்டு. கரும்பை மாடு மேய்ந்துவிடுகிறது என்று காரணம் சொன்னார் மாமா. காயத்ரி போய்க் கேட்டதற்கு, "என் எடத்துல நான் வேலி போடுறேன், உனக்கு என்னா?" என்றார். எந்த வாயால் பாதை உனக்கு வேறயா என்று கேட்டாரோ, அதே வாய்.

அன்றுமுதல் அவள் ஏரிக்கரையைச் சுற்றி நடந்தாள். பால்கேன் தலையில், காய்க்கூடை இடுப்பில். மழைக்காலத்தில் கரை வழுக்கும். ஒருமுறை கூடையோடு விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு, அந்தக் கையோடு என் கடைக்கு வந்து தவிட்டுமூட்டை கேட்டாள். வண்டியில் அனுப்ப வழியில்லை. மூட்டையைப் பாதிபாதியாகப் பிரித்து இரண்டு நடையாக எடுத்துப்போனாள். பஞ்சாயத்தில் சொல்லிப்பார்த்தாள். சொந்தத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். கடலூருக்குப் போய்க் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாள். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: அனுசரித்துப் போம்மா. வேலி போட்டவரிடம் போய் யாரும் அனுசரித்துப் போங்க என்று சொல்லவில்லை. 

போன மாசிமாதம், அவளுடைய செவலைப்பசு நிறைசினையாக இருந்தது. காலையில் நோவு கண்டது. பனிக்குடம் உடைந்தும் கன்று வரவில்லை. காயத்ரி போன் செய்ததும் கால்நடை மருத்துவர் பிரீதா ஸ்கூட்டரை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். கையை விட்டுப் பார்த்தவர் முகம் மாறியது. கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றார். பசுவைப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் பலகை வைத்து அழுத்தி, உருட்டிப் பார்த்தார்கள். ஆள் போதவில்லை, முறுக்கும் அவிழவில்லை. பசுவால் எழுந்து நிற்கவும் முடியவில்லை.

"இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றார் பிரீதா. "வயித்தக் கிழிச்சுதான் எடுக்கணும். உடனே சிதம்பரம் கொண்டுபோயிட்டா காப்பாத்திடலாம். வண்டிக்குச் சொல்லுங்க."

சரக்குவண்டி ஓட்டும் அன்பரசு என் கடைக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நானும் அவனோடு ஏறிக்கொண்டேன். நாங்கள் ரோட்டுக்கேட்டுக்கு முன்னால் போய் நின்றபோது அவள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தாள். பூட்டை உடைத்துவிடவா அக்கா என்று அன்பரசு ஜாக்கிக்கம்பியை எடுத்தான். அவள் வேண்டாம், முதலில் கேட்டுப்பார்க்கிறேன் என்றாள். அதற்குள், இன்னும் மாமா வீட்டிலேயே இருக்கும் அம்மாவிடமிருந்து போன். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாமாவிடம் போய்ப் பணிவாகக் கேள், உடைத்துக்கிடைத்து அசிங்கப்படுத்திவிடாதே என்றாளாம். ஸ்ரீதரை உடனே வரச்சொல்லிவிட்டு, காயத்ரி ஏரிக்கரை சுற்றி மாமா வீட்டுக்கு ஓடினாள்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். மாடு செத்துக்கொண்டிருக்கிறது, கேட்டைத் திறந்துவிடுங்கள், கன்றும் தாயும் பிழைத்தால் போதும், அப்புறம் நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள் என்று. கெஞ்சினேன் என்று அவளே என்னிடம் சொன்னாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாமா தலையை நிமிர்த்தவில்லை. "சாவி செந்தமிழ்செல்வன்கிட்ட இருக்கு. அவன் விருத்தாசலம் போயிருக்கான். சாயங்காலம் வந்துருவான், வாங்கித் தர்றேன்."

அவருக்குப் பின்னால் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், சாவி தொங்கியது. சிவப்புக் கயிறு கட்டின சாவி. கேட் வைத்த நாளிலிருந்து அவள் அந்தச் சிவப்புக்கயிற்றை எத்தனையோ தடவை மாமாவின் கையில் பார்த்திருக்கிறாள். அவள் சாவியைப் பார்ப்பதை மாமாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, சட்னி போடச்சொல்லித் தட்டை நகர்த்தினார்.

கையை நீட்டினால் எட்டுகிற தூரம். அவள் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "அந்தக் கூடத்துல நின்னா நான் மறுபடியும் சோத்துக்கு நிக்கிற புள்ளயா ஆயிடறேன்" என்றாள். அவள் திரும்பி நடந்தாள்.

அவள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது பசு கண்ணை மேலே சொருகிவிட்டிருந்தது. பிரீதா ஊசி போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. கன்று வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. பிரீதா கைகளைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். காயத்ரி அழவில்லை. பசுவின் தலையைத் தன் மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

அதற்குள் ஸ்ரீதர் வந்து சேர்ந்திருந்தான். அவன் தோள்பையில் கருவிகள் எல்லாம் இருந்தன. அதிலிருந்து கம்பி வெட்டும் கட்டரை எடுத்தாள். நான் வெட்டுகிறேன் என்றான் அவன். "நீங்க நவுருங்க" என்றாள். அவன் நகர்ந்தான்.

தன் நிலத்து எல்லையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு கம்பத்திலும் மேலேயிருந்து கீழே, கண்ணி கண்ணியாக வெட்டினாள். உச்சிவெயில். வெட்டின வலையைச் சுருட்டிக் கரும்புப்பக்கம் தள்ளினாள். சத்தம் கேட்டு ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். கரும்பு வெட்டவந்த பெண்கள் அரிவாளோடு நின்று பார்த்தார்கள். செந்தமிழ்செல்வன் பைக்கில் வந்து இறங்கினான். விருத்தாசலத்தில் இருப்பதாகச் சொன்னார்களே, அதே செந்தமிழ்செல்வன். ஏய், ஏய் என்று கத்திக்கொண்டு கிட்ட வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றான். அவள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெட்டிக்கொண்டே வந்தாள். கட்டர் பிடித்த இடம் தோல் உரிந்து ரத்தம் வந்தது. ரோட்டுக்கு வந்து கேட்டின் கீலை அறுக்கும்போது மட்டும் ஸ்ரீதரும் அன்பரசும் கைகொடுத்தார்கள். கேட் சரிந்து விழுந்தது.

அந்தப் பாதையில் வண்டி உள்ளே போய்ச் செத்த மாட்டை ஏற்றிக்கொண்டு வந்தது. காலையில் உயிரோடு ஏற்ற வந்த அதே வண்டி.

அன்றைக்கே மாமா ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். மறுநாள் இரண்டு தரப்பையும் அழைத்தார்கள். சாட்சிக்கு என்று நானும் பிரீதாவும் போனோம். ராஜாமணி அம்மாள் தன் தம்பியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மகளுக்கு எதிரே. காயத்ரி அதைப் பார்த்துவிட்டு உட்காராமலே நின்றாள்.

உதவி ஆய்வாளர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். வேலியை வெட்டினாயா என்றதற்கு வெட்டினேன் என்றாள். ஏன் என்றதற்கு நடந்ததைச் சொன்னாள். வண்டி வந்திருந்தால் மாடு பிழைத்திருக்குமா என்று பிரீதாவைக் கேட்டார். நிச்சயமாகச் சொல்லமுடியாது, ஆனால் நல்ல வாய்ப்பு இருந்தது என்றார் பிரீதா. ஆய்வாளர் மாமா பக்கம் திரும்பினார். மாமா தளதளத்த குரலில் பேசினார். அக்கா மகளைத் தன் மகளாக வளர்த்ததைச் சொன்னார். அந்த மாடு தனக்கும் மாடுதான் என்றார். சாவி மட்டும் இருந்திருந்தால் ஓடிப்போய்த் திறந்திருக்கமாட்டேனா என்றார்.

"சாவி என் வூட்டுலயே இல்ல சார். அந்தப் பூவராகசாமி மேல சத்தியம்" என்று கோயில் இருக்கும் திசைபார்த்துக் கையைத் தூக்கினார்.

அவருடைய மனைவி விருத்தாம்பாள் அவர் சாப்பிடவேண்டிய மாத்திரையும் தண்ணீர்பாட்டிலும் எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். அந்த வீட்டில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. அவள் உள்ளே வந்தாள்.

"சாவி ஆணியிலதான் தொங்குச்சு" என்றாள். "நான் சட்னி எடுத்தாந்து போட்டேன். சாவி இவுரு தலைக்கு மேல தொங்குச்சு."

மாமா அவளைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

"நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல. அதுக்காக சாமிய இழுப்பீங்களா?" என்றாள். பிறகு ஆய்வாளரைப் பார்த்து, "பாத தர்றேன்னு இவுரு சொன்னப்பவும் நான் இருந்தேங்க. நம்ம வூட்டுப் பொண்ணுதானே, எழுதிக் குடுத்தா என்னான்னு கேட்டேன். எழுதிக் குடுத்துட்டா அவ நம்ம பேச்சக் கேக்கமாட்டான்னு சொன்னாரு."

அதற்குப்பிறகு அங்கே பேச அதிகம் இல்லை. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பாதையை முறைப்படி எழுதிக்கொடுக்க மாமா ஒப்புக்கொண்டார். வெளியே வந்ததும் ராஜாமணி, எல்லாம் நல்லபடியா முடிந்தது, மாமா காலில் விழுந்துவிடு என்று மகளிடம் சொன்னாள். அப்போதுதான் காயத்ரி அந்த நாளில் முதல்முறையாகக் குரல் உயர்த்தினாள்.

"எதுக்கு விழணும்? சாவி தலைக்கு மேல இருந்தது உனக்கும் தெரியும். நீ அந்த வூட்டுலதான இருந்த? எனக்குப் போன் பண்ணி பணிவா கேளுன்னு சொன்னியே, உன் தம்பிகிட்டப் போய்த் தொறந்துவுடுன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

ராஜாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காயத்ரி அவளைத் தேற்றவும் இல்லை. ஸ்ரீதரின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

பாதை பதிவானது. கம்பங்களை மாமாவே பிடுங்கிக்கொண்டார். அதோடு ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, இனிமேல் காயத்ரி சிரித்துப் பேசவேண்டும் என்று. பாதைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு என்று என் கடையில் நின்றே பேசினார்கள். செத்த பசுவையும் கன்றையும் எந்தப் பத்திரத்தில் எழுதித் தருவார்களாம்? நான் கேட்டேன். அவர்கள் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

விருத்தாம்பாள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். வேறு எங்கே போவாள். மாமா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி. அவர் பேசினால்தான் எனக்குக் கஷ்டம் என்று அவள் காயத்ரியிடம் சொன்னாளாம். இப்போதெல்லாம் மத்தியானத்தில் பாதைவழியே நடந்துவந்து, பந்தல் நிழலில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அவரைக்காய் உரித்துக்கொடுத்துவிட்டுப் போகிறாள். 

ஆவணியில் செந்தமிழ்செல்வனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாமா நேரில் வந்து அழைக்கட்டுமா என்று ராஜாமணி தூது வந்தாள். அம்மாவும் மகளும் அதுவரை பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அம்மா கொட்டகை வாசலிலேயே நின்றாள். காயத்ரி பால் கறப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்த வந்து கூப்புட்டா வர்றேன். அவுரு வந்தா வரமாட்டேன்."

"எத்தினி நாளைக்குடி இந்தக் கோவம்?"

"அது எனக்குத் தெரியாது. நீ உள்ள வந்து உக்காரு, நின்னுக்கிட்டு இருக்காத. காபி போடறேன்."

அத்தை வந்து அழைத்தாள், காயத்ரி போனாள். மண்டபத்தில் நானும் இருந்தேன். அத்தைக்கு ஒரு நல்ல புடவை எடுத்து வந்திருந்தாள். அதை எல்லோர் முன்னாலும் அவள் கையில் கொடுத்துக் காலில் விழுந்து எழுந்தாள். பக்கத்தில் பட்டுவேட்டியோடு நின்ற மாமா, அடுத்தது தான்தான் என்று நினைத்துக் கையைக்கூட லேசாகத் தூக்கிவிட்டார். அவள் அவரைத் தாண்டிக்கொண்டு பந்திக்குப் போய் உட்கார்ந்தாள். பார்த்தியா இவளோட திமிரை என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். காயத்ரிக்குக் காதில் விழுந்திருக்கும். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, சாம்பாருக்குக் காத்திருந்தாள்.